நிறைவுற்றது என்று எழுதிய கை

அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்று அயனம்பாக்கத்தில் குடியிருக்கும் நம்மிடம், காலை வேளையில் ஏரிக்கரைமீது உடன் நடக்கும் அன்பர்கள் அவ்வப்போது ஒரு வினா எழுப்புவதுண்டு. "சுற்றுச்சூழல் அலுவலகத்தில் திட்ட மேலாளராக இருந்தீர்களாமே, அங்கே உங்களுக்கு என்ன வேலை சார்?" என்பதே அவ்வினா. ஆசிரியர் என்றால் பாடம் நடத்துவார். மருத்துவர் என்றால் நோய் தீர்ப்பார். திட்ட மேலாளர் என்ன செய்வார் என்பது பலருக்கும் விளங்குவதில்லை. ஜூன் 5-ஆம் நாள் மரக்கன்று நடுவது நம் வேலை என்று எண்ணுவோரும் உளர்.

2006-இல் நமக்கு அப்பதவி உயர்வு கிடைத்தபோது நம் அன்னையாரும் இதே வினாவைத் தொடுத்தார். எழுத்தறியாதவர், செங்கற்பட்டுப் பக்கத்துக் கிராமத்தில் ஏரிப் பாசனத்தில் நெல் விளைவித்த குடும்பத்தில் பிறந்தவர்.

"ஏரியை நீயா வெட்டுறே?" என்று கேட்டார்.

"இல்லையம்மா, ஒப்பந்தக்காரர் வெட்டுவார்."

"பணம் நீ குடுக்கிறியா?"

"அரசு கொடுக்கும்."

"மதகுக்கு அளவு போடுறது?"

"அதற்கு உதவிப் பொறியாளர்கள் இருக்கிறார்கள்."

"அப்ப நீ எதுக்குடா?"

சற்றே சிந்தித்து, "எல்லாம் சரியாக நடந்திருக்கிறது என்று கையெழுத்துப் போடுவதற்கு அம்மா" என்றோம். அன்னையார் உடனே, "அப்ப அதைப் பார்த்துப் போடு" என்றார். அன்று நாம் அதனை நகைச்சுவையாகவே எடுத்துக்கொண்டோம். நான்கு ஆண்டுகள் கழித்து அச்சொல் நம்மைத் தேடி வந்தது. அக்கதையைத்தான் இன்று வாசகர்களுடன் பகிர்ந்துகொள்ள விழைகிறோம்.

நாம் பணியில் சேர்ந்தது 1985-ஆம் ஆண்டில். சுற்றுச்சூழல் என்னும் சொல்லே அப்போது புதியது. 1972-இல் ஸ்டாக்ஹோம் நகரில் உலக நாடுகள் கூடிப் பேசின; நம் நாட்டின் சார்பில் பிரதமர் இந்திரா காந்தி அங்குச் சென்றார். 1974-இல் நீர் மாசு தடுப்புச் சட்டமும், 1981-இல் காற்று மாசு தடுப்புச் சட்டமும் பிறந்தன. தமிழ்நாட்டில் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 1982 பிப்ரவரி மாதம் அமைந்தது. 1984 டிசம்பரில் போபால் நகரில் நச்சு வாயு கசிந்து ஆயிரக்கணக்கானோர் உயிரிழந்த பின்னரே, 1986-இல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் வந்தது. சட்டங்கள் பெரும்பாலும் சாவுகளின் பின்னேதான் வருகின்றன என்பது நம் பணிக்காலத்தில் நாம் கற்ற முதற்பாடம்.

நாம் வாழும் இப்பகுதியும் அப்பாடத்துக்குப் புறம்பானதன்று. அம்பத்தூர்த் தொழிற்பேட்டை 1964-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்றது. ஏரியும் வயலுமாக இருந்த நிலத்தில் பட்டறைகள் எழுந்தன; பட்டறைகளை நம்பிப் பல்லாயிரம் குடும்பங்கள் வந்து தங்கின; வீடுகள் பெருகின. எனினும் வீடு வந்த வேகத்தில் பாதாளச் சாக்கடை வரவில்லை. ஆகவே கழிவுநீர் தன் வழியைத் தானே தேடிக்கொண்டது. நீருக்குப் பள்ளமே பாதை; பள்ளத்தில் இருப்பதோ ஏரி. வயலுக்கு நீர் தந்த ஏரிகள், வயல் மறைந்ததும் வீடுகளின் கழிவை வாங்கிக்கொள்ளும் கலங்களாயின. நம் அயனம்பாக்கம் ஏரி நிரம்பினால் உபரி நீர் நொளம்பூர்ப் பக்கமாக ஓடிக் கூவத்தில் சேரும். ஆதலால் கூவம் நாறுகிறது என்று மூக்கைப் பிடித்துக்கொள்வோர், தம் வீட்டுக் குழாய் எங்கே போய் முடிகிறது என்று ஒருமுறை பார்த்து வருவது நலம்.

இனி, திட்ட மேலாளரின் பணிக்கு வருவோம். ஓர் ஏரியைச் சீரமைக்க வேண்டுமானால் முதலில் கிராமக் கணக்கையும் புல வரைபடத்தையும் எடுத்து எல்லையை அறிய வேண்டும். சர்வேயர் சங்கிலி பிடித்து எல்லைக்கல் நடுவார். வரத்துக்கால்வாய் எங்கே, மதகு எங்கே, கலங்கல் எவ்வளவு உயரம், கரை எங்கெங்கே கரைந்திருக்கிறது என்று குறிப்பெடுத்து மதிப்பீடு தயாரிக்க வேண்டும். பின்னர் நிர்வாக ஒப்புதல், தொழில்நுட்ப ஒப்புதல், ஒப்பந்தப்புள்ளி. வேலை தொடங்கிய பின் ஒவ்வோர் அளவையும் அளவுப் புத்தகத்தில் ஏற்ற வேண்டும். 'எம் புக்' என்று சுருக்கமாக அழைக்கப்படும் அப்புத்தகத்தில் ஏறியதே வேலை, ஏறாதது வேலையன்று. அதனை அடிப்படையாகக் கொண்டே பட்டியல் தொகை வழங்கப்பெறும்.

இதில் வெளியாருக்குத் தெரியாத ஓர் இடர்ப்பாடு உண்டு. ஏரிக்கு ஓர் ஆண்டு இருக்கிறது. அரசுக்கு வேறோர் ஆண்டு இருக்கிறது. சென்னை வட்டாரத்தில் ஆண்டொன்றுக்குப் பெய்யும் மழை ஏறக்குறைய 140 சென்டிமீட்டர். அதில் பாதிக்கும் மேற்பட்டது அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில் கொட்டிவிடும். ஏரி வற்றி, மண்ணில் இயந்திரம் இறங்கத் தக்க காலம் சித்திரை, வைகாசி, ஆனி மாதங்களே. அரசின் ஆண்டோ ஏப்ரலில் பிறந்து மார்ச்சில் முடிகிறது. புத்தாண்டுக்கான நிதி ஆணை கைக்கு வரவே ஜூன், ஜூலை ஆகிவிடும். ஒப்பந்தப்புள்ளி கோரி, திறந்து, முடிவு செய்வதற்குள் செப்டம்பர் போய்விடும். ஒப்பந்தக்காரர் கருவிகளை இறக்கும் நாளில் வானம் இருண்டுவிடும். மழை ஓய்ந்து சேறு சற்றே இறுகும் ஜனவரியில்தான் வேலை உண்மையாகத் தொடங்கும். மார்ச் 31-க்குள் முடிக்காவிடில் நிதி திரும்பிப் போகும். ஆக, பன்னிரண்டு மாதத் திட்டம் என்று ஏட்டில் இருப்பது, கரையில் மூன்று மாத வேலையே.

2009-2010 நிதியாண்டில் நம் பொறுப்பில் மேற்குப் புறநகரின் ஏரியொன்று இருந்தது. அதன் பெயரை இங்கே குறிப்பிடவில்லை. நாம் பணியாற்றிய அலுவலகத்தின் பெயரும் வேண்டா. கரையைப் பலப்படுத்துதல், மதகைப் புதுப்பித்தல், ஒரு பகுதியில் தூர் வாருதல், கழிவுநீர் புகும் ஐந்து வாய்களை அடைத்து அந்நீரை வேறு வழியில் திருப்புதல் ஆகியவை திட்டத்தில் அடங்கியிருந்தன. இவற்றுள் கடைசியாகச் சொன்னதே உயிர்நிலை. ஏனைய யாவும் செய்து அதனை விட்டுவிட்டால், குடத்தைத் துலக்கி அதில் சாக்கடையை ஊற்றியதற்கு ஒப்பாகும்.

அவ்வேரியில் மீன் குத்தகை எடுத்திருந்தவர் ஒரு பெரியவர். டிசம்பர் மழை ஓய்ந்ததும் கட்லா, ரோகுக் குஞ்சுகளை விடுவதற்கு முன் நம்மைக் கரையில் வந்து சந்தித்தார். கைகளைக் கட்டிக்கொண்டு, "ஐயா, சாக்கடைத் தண்ணி வாய்களை இந்த வருசம் அடைச்சிருவீங்கல்ல? அதை நம்பித்தான் குஞ்சு வாங்கப் போறேன். கடன் பணமுங்க" என்றார். "மார்ச்சுக்குள் அடைத்துவிடுவோம் பெரியவரே, நம்பி விடுங்கள்" என்றோம். பொய் சொல்லும் எண்ணம் சிறிதும் இல்லை. அன்று நாமும் அதனை நம்பியே சொன்னோம்.

நான்கு வாய்கள் அடைபட்டன. ஐந்தாவது, நாற்பது வீடுகள் கொண்ட ஒரு தெருவின் முடிவில் இருந்தது. அங்கே குழாய் பதிக்க வேண்டிய இடம் யாருடையது என்பதில் தகராறு எழுந்து, சர்வேயர் இருமுறை வந்தும் தீரவில்லை. இவ்வாறாக மார்ச் மாதத்தின் கடைசி வாரம் வந்துவிட்டது.

மேலதிகாரி நம்மை அழைத்தார். தீயவர் அல்லர், நாற்பது மார்ச் மாதங்களைக் கண்டவர்போல் களைத்திருந்தார். "ஒரே ஒரு வாய்தானே பாக்கி? அதற்காக மொத்தத் தொகையையும் திருப்பி அனுப்பிவிட்டால், அடுத்த ஆண்டு இந்த ஏரிக்கு ஒரு ரூபாயும் கிடைக்காது. நிறைவுச் சான்றிதழைக் கொடுத்துவிடுங்கள். ஏப்ரலில் ஒப்பந்தக்காரரை வைத்து மீதியை முடித்துக்கொள்ளலாம்" என்றார். அவர் கூற்றில் நியாயம் இருந்தது. இதுதான் இத்தகைய தவறுகளின் இயல்பு. அவை கையூட்டோடு வருவதில்லை, நியாயத்தோடு வருகின்றன. நாம் ஒரு காசும் பெறவில்லை. ஏரியின் நன்மையை எண்ணியே, 'பணிகள் யாவும் முழுமையாக நிறைவுற்றன' என்று எழுதிக் கையொப்பமிட்டோம். அன்றிரவு உறக்கமும் நன்றாகவே வந்தது.

ஏப்ரல் வந்தது. முழுத் தொகையும் பெற்றுவிட்ட ஒப்பந்தக்காரர் கருவிகளை வேறிடத்துக்குக் கொண்டு சென்றுவிட்டார். இன்று, நாளை என்று நாட்களைக் கடத்தினார். புதிதாக நிதி கேட்டு எழுதலாமெனக் கோப்பை எடுத்தபோதுதான் நாம் செய்ததன் முழுப் பொருளும் விளங்கிற்று. நிறைவுற்றுவிட்ட பணிக்கு நிதி கேட்பது எங்ஙனம்? முடியாத வேலைக்கு முடிக்கும் வழி இருக்கும். முடிந்ததாக எழுதப்பட்ட வேலைக்கு எவ்வழியும் இல்லை. அந்த ஐந்தாம் வாய் அரசின் கணக்கில் இல்லாததாகிவிட்டது. ஆனால் கழிவுநீருக்கு அக்கணக்கு தெரியாதல்லவா? அது ஓடிக்கொண்டே இருந்தது.

மே மாதத்தில் 'லைலா' புயல் வங்கக் கடலில் உருவாகிச் சென்னையை நனைத்துச் சென்றது. தெருவில் மாதக்கணக்கில் தேங்கியிருந்த கழிவு முழுவதையும் அம்மழை ஒரே மூச்சில் ஏரிக்குள் தள்ளிற்று. இரண்டாம் நாள் விடியலில் பெரியவரிடமிருந்து ஆள் வந்தது. சென்று பார்த்தோம். மீன்கள் நீர் மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. வெயில் ஏறுவதற்குள் கரையோரமெங்கும் வெள்ளை வெள்ளையாக வயிறு தெரிய மிதந்தன.

நீரில் உயிர்க்காற்று உள்ளதா என்று அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. 300 மில்லி கொள்ளும் கண்ணாடிப் புட்டியில் காற்றுக் குமிழ் புகாமல் நீரை நிரப்பி, மாங்கனீசு சல்பேட்டுக் கரைசலையும் காரம் கலந்த அயோடைடுக் கரைசலையும் விட்டு மூடிக் குலுக்க வேண்டும். ஆக்சிஜன் இருந்தால் பழுப்பு நிறத்தில் வண்டல் திரளும். இல்லையேல் வெண்மையாகவே நிற்கும். மீன் வாழ லிட்டருக்கு 4 மில்லிகிராம் ஆக்சிஜனாவது வேண்டும் என்பது விதி. கழிவைத் தின்னும் நுண்ணுயிர்கள் அந்த ஆக்சிஜனை உண்டு தீர்த்துவிடுமாதலால் மீன்களுக்கு மூச்சு முட்டுகிறது. நஞ்சு எதுவும் வேண்டியதில்லை. நம் வீட்டுச் சாக்கடையே போதும். நம் கையாலேயே புட்டியைக் குலுக்கினோம். வண்டல் வெண்மையாக நின்றது.

பெரியவர் அருகில் நின்று அப்புட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். நெடுநேரம் கழித்து, "அடைச்சாச்சுன்னு ஆபீசுல எழுதியிருக்காமே ஐயா?" என்றார். குரலில் கோபம் இல்லை. தாம் ஏதோ தவறாகப் புரிந்துகொண்டோமோ என்னும் ஐயமே இருந்தது. அக்கணத்தில் நமக்கு அன்னையாரின் சொல் நினைவுக்கு வந்தது. அவர் மறைந்து அப்போது ஓராண்டாகியிருந்தது.

வீடு திரும்பி நம் இல்லத்தரசியிடம் நடந்ததை உரைத்தோம். சான்றிதழ் தவறு என்று எழுத்தில் ஒப்புக்கொண்டால் துறை நடவடிக்கை வரும். மகள் கல்லூரியில் முதலாண்டு. வீட்டுக்கடன் பாதிகூடத் தீரவில்லை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர், "நீங்கள் எழுதாமல் விட்டால் அந்த வாய் அடைபடுமா?" என்று மட்டும் கேட்டார். "அடைபடாது" என்றோம். "அப்படியானால் எழுதுங்கள். சிக்கனமாக இருந்துகொள்ளலாம்" என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குள் சென்றார். அவ்வளவுதான். அவ்விரு வாக்கியங்களின் பலத்திலேயே மறுநாள் கோப்பில் குறிப்பு எழுதினோம். ஐந்தாவது வாய் அடைக்கப்படவில்லை என்பதையும், அளவுப் புத்தகத்தின் பதிவும் நிறைவுச் சான்றிதழும் தவறு என்பதையும், பொறுப்பு நம்முடையதே என்பதையும் குறிப்பிட்டோம். மேலதிகாரியின் பெயரை அதில் இழுக்கவில்லை. கையொப்பம் அவருடையதன்று.

விளக்கம் கேட்டு ஆணை வந்தது. குற்றச்சாட்டுக் குறிப்பாணை வந்தது. ஓராண்டு ஊதிய உயர்வு நிறுத்தப்பட்டது. உடன் பணிபுரிந்தோர் சிலர் நம்மைக் கண்டால் பேச்சை நிறுத்தினர். 'இவர் ஒருவர்தான் உத்தமரோ' என்னும் முணுமுணுப்பும் காதில் விழுந்தது. அவர்களைக் குறை கூறுவதற்கில்லை. நம் குறிப்பினால் தங்கள் பழைய சான்றிதழ்களையும் யாரேனும் புரட்டிப் பார்ப்பார்களோ என்னும் அச்சம் அவர்களுக்கு.

எனினும் ஒரு நன்மை விளைந்தது. வேலை முடியவில்லை என்பது எழுத்தில் வந்தபின்தான் ஒப்பந்தக்காரரின் பிடித்தத் தொகையில் கைவைக்க விதி இடம் தந்தது. குறைபாடு இருந்தால் அதனைச் சரிசெய்வதற்காகவே அத்தொகை நிறுத்தி வைக்கப்படுகிறது. அதுவரை பூட்டியிருந்த கதவு திறந்தது. நிலத் தகராறு வட்டாட்சியர் முன்னிலையில் தீர்க்கப்பட்டு, செப்டம்பரில், பருவமழைக்கு முன்னரே, ஐந்தாவது வாய் அடைபட்டது. அன்று நாமே நின்று, கைவைத்துப் பார்த்த பின்னரே எழுதினோம்.

பெரியவரின் இழப்புக்கு ஈடு செய்ய எந்தக் கணக்குத் தலைப்பும் இல்லை. குஞ்சுகளின் விலையை நம் கைப்பணத்திலிருந்து கொண்டுபோய்க் கொடுத்தோம். மறுப்பாரோ என்று எண்ணினோம், மறுக்கவில்லை. எண்ணிப் பார்த்து மடியில் முடிந்துகொண்டு, "இது குஞ்சுக்கு ஆச்சு. வளர்ந்த மீனுக்குங்க?" என்றார். இன்றுவரை அவ்வினாவுக்கு நம்மிடம் விடை இல்லை. அடுத்த ஆண்டு அவர் குத்தகை எடுக்கவும் இல்லை.

அதன்பின் நம் மாநகரம் கற்ற பாடங்கள் யாவரும் அறிந்தவை. 2015 டிசம்பரில் வெள்ளம் வந்தது. ஏரிகளை ஆக்கிரமித்ததன் விளைவு என்று எல்லாரும் பேசினர். ஏரிகளைக் காக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் 2007-ஆம் ஆண்டிலேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது என்பதைப் பலர் அப்போதுதான் அறிந்தனர். 2019 கோடையிலோ பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் வறண்டன. குடத்துடன் மக்கள் லாரிக்குக் காத்து நின்றனர். மூழ்கியதும் வறண்டதும் ஒரே ஊர்தான். இடைவெளி நான்கு ஆண்டுகளே.

கூவத்தைச் சீரமைக்க 600 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்பில் வகுக்கப்பட்ட திட்டம் 2015-ஐ ஒட்டித் தொடங்கிற்று. அதன்பொருட்டுக் கரையோரக் குடும்பங்கள் பல பெரும்பாக்கம் போன்ற தொலைவிடங்களுக்குக் குடிபெயர்க்கப்பட்டன. ஆற்றோரத்தில் வெள்ளத்துக்கு அஞ்சி வாழ்வது நல்வாழ்வன்று என்பது உண்மை. பிழைப்பையும் பள்ளியையும் விட்டு நகரத்தின் மறுகோடிக்குப் போவது எளிதன்று என்பதும் உண்மையே. திட்டப் பட்டியலில் இவ்விரண்டு உண்மைகளும் 'தடைகள் அகற்றப்பட்டன' என்னும் ஒரு வரியில் அடங்கிவிடும். அப்பட்டியலை எழுதுபவர் அந்த ஒரு வரிக்குள் எத்தனை அடுப்புகள் இருக்கின்றன என்பதை மறவாதிருக்க வேண்டும்.

இக்காலத்துப் பொறியாளர்களுக்குக் கருவிகள் பல வந்துவிட்டன. ஏரியின் பரப்பைச் செயற்கைக்கோள் காட்டுகிறது. கைப்பேசியில் எடுத்த படம், எடுத்த இடத்தையும் நேரத்தையும் தானே சொல்கிறது. இவை யாவும் நல்லனவே. ஆயினும் அடைபட்ட நான்கு வாய்களைப் படமெடுத்து அனுப்பிவிட்டு, ஐந்தாவதன் பக்கம் கருவியைத் திருப்பாமல் இருக்கவும் கூடும். எந்தப் பக்கம் திருப்புவது என்பதை இன்றும் மனிதனே முடிவு செய்கிறான்.

நம் உறவினர் மகன் ஒருவர் அண்மையில் அரசுத் தேர்வில் தேறி, நாம் பார்த்ததைப் போன்றதொரு பணியில் சேர்ந்தார். அறிவுரை வேண்டுமென வீட்டுக்கு வந்தார். நீண்ட அறிவுரை சொல்ல நமக்குத் தகுதி இல்லை என்று கூறி, மேற்கண்ட கதையை மட்டும் அவருக்குச் சொன்னோம். அவர் சிறிது நேரம் மௌனமாக இருந்துவிட்டு, "மாமா, நிதி திரும்பிப் போயிருந்தால் அந்த ஏரிக்கு எதுவுமே நடந்திருக்காதே. கையெழுத்துப் போட்டதால்தானே நான்கு வாயாவது அடைபட்டது?" என்று கேட்டார். கூர்மையான கேள்வி. "நான்கு வாய் அடைபட்டது வேலையால் தம்பி. நான் கையெழுத்திட்டது ஐந்தாவது வாய்க்கு. நான்கு முடிந்தது, ஒன்று பாக்கி என்று எழுதியிருந்தால் தொகையில் ஒரு பகுதிதான் திரும்பியிருக்கும். அன்று அப்படி எழுத எனக்குத் தோன்றவே இல்லை. அதுதான் என் குறை" என்றோம்.

அரசுப் பணியில் உள்ளவர்க்கும் இல்லாதவர்க்கும் இது பொருந்துமென எண்ணுகிறோம். வீட்டிலும் தொழிலிலும் நாம் அன்றாடம் பலவற்றை 'ஆயிற்று' என்று சொல்லி மூடிவிடுகிறோம். ஆகாததை ஆகவில்லை என்று சொல்லும் வரையில் அதனைச் செய்து முடிக்க வழி இருக்கிறது. எனவே, 'நிறைவுற்றது' என்று எழுதப் போகும் இளைஞர்களே, பேனாவைத் திறக்குமுன் ஒருமுறை கரையைச் சுற்றி நடந்து வாருங்கள். முழுச் சுற்றும் நடந்து வாருங்கள்.